கம்ப்யூட்டரில் மாற்றியது சர்வருக்குத் தானாகப் போக: ஐந்து வழிகளில் எது யாருக்கு?

"ஃபோல்டரில் ஒரு ஃபைலை மாற்றினால் சர்வரிலும் அது தானாக மாறிவிட வேண்டும். எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" நம் குமரி மாவட்டத்திலிருந்தே இந்தக் கேள்வி பல பேரிடமிருந்து வருகிறது. மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர் கேட்கிறார். நாகர்கோவிலில் உள்ளூர்ச் செய்தித் தளம் நடத்துபவர் கேட்கிறார். வடசேரிப் பக்கம் வெப்சைட் செய்து கொடுக்கும் சிறு அலுவலகம் ஒன்று கேட்கிறது. கடலோர ஊரில் பங்குக்கோவில் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியும் கேட்கிறார். கேள்வி ஒன்றுதான், ஆனால் நால்வருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது வேகத்தை. உண்மையில் வேகத்தில்தான் இந்த வழிகளுக்குள் வித்தியாசம் மிகக் குறைவு. மாற்றத்தைக் கண்டுபிடிப்பது இன்றைக்கு எந்த சாஃப்ட்வேருக்கும் கஷ்டமான வேலை இல்லை. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் என்ன நடக்கும், பாதி அப்லோடில் கரண்ட் போனால் என்ன நடக்கும் என்பதில்தான் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என் தேர்வெல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

சர்வருக்குள் எந்த வாசல் வழியாகப் போக முடியும்? குறைந்த விலை ஷேர்டு ஹோஸ்டிங் பலவற்றில் எஃப்டிபி (ஃபைலை ஏற்றி இறக்க மட்டும் உதவும் பழைய முறை) மட்டும்தான் கிடைக்கும். சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச் இருந்தால் பெரும்பாலான வழிகள் திறந்திருக்கும். இல்லை என்றால் கீழே உள்ளவற்றில் பாதி உங்களுக்கு இல்லை. ஹோஸ்டிங் கம்பெனியிடம் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன மாதிரி ஃபைல்? சில கிலோபைட் அளவுள்ள கோட் ஃபைல்கள் ஒரு ரகம். ஒவ்வொன்றும் முப்பது நாற்பது எம்பி வரும் கேமரா ரா ஃபைல்கள் வேறு ரகம். 30 ஜிபி கல்யாணப் படங்களை 40 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள லைனில் ஏற்ற, எல்லாம் சரியாகப் போனாலே 1 மணி 40 நிமிடம் ஆகும். 10 எம்பிபிஎஸ் என்றால் 6 மணி 40 நிமிடம். லைன் எடுக்கும்போது சொன்ன வேகம் டவுன்லோடு வேகமாக இருக்கலாம். அப்லோடைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

அழிப்பும் சர்வருக்குப் போக வேண்டுமா? இதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்கிறேன்.

கரண்டும் லைனும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க மின்தடை. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்று பலமாக அடித்தால் ரப்பர் மரமோ தென்னை மட்டையோ கேபிள் மேல் விழும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். எனவே "கரண்ட் வந்ததும் தானாகத் தொடருமா?" என்ற கேள்வி இங்கே ரொம்ப முக்கியம்.

யார் பார்த்துக்கொள்வது? லினக்ஸ் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்கிறாரா, அல்லது ஏதாவது நின்றுபோனால் ஊரில் இல்லாத மச்சானுக்குத்தான் போன் போட வேண்டுமா?

ஐந்து வழிகளும் ஒரே பார்வையில் இதோ, ஒவ்வொன்றின் விளக்கமும் அடுத்து வருகிறது.

| வழி | சர்வரில் வேண்டியது | எப்போது போகும் | அழித்தால் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| நேரம் வைத்து ஆர்சிங்க் | எஸ்எஸ்எச், ஆர்சிங்க் | நீங்கள் வைக்கும் நேரத்துக்கு | நீங்கள் சொன்னால் மட்டும் அழியும் | பெயர் மாற்றினால் முழுதும் மறுபடி ஏறும் |
| எல்சிங்க்டி | எஸ்எஸ்எச், ஆர்சிங்க் | சில நொடிகளில் | உடனே அங்கேயும் அழியும் | லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும் |
| வின்எஸ்சிபி | எஃப்டிபி போதும் | சேவ் செய்ததும் | டிக் செய்தால் அழியும் | ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் |
| கிட் | எஸ்எஸ்எச் அல்லது இடையில் கிட்ஹப் | புஷ் செய்யும்போது | அழியும், பழையதை எடுக்கலாம் | எல்லோருக்கும் பழக்கம் வர வேண்டும் |
| சிங்க்திங் | உங்கள் சொந்த மெஷின் | சில நொடிகளில் | இரண்டு பக்கமும் அழியும் | இரண்டு மெஷினும் ஓட வேண்டும் |

## நேரம் வைத்து ஓடும் ஆர்சிங்க்

ஆர்சிங்க் என்பது ஃபைல்களை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதியெடுக்கும் சாஃப்ட்வேர். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்டது. இன்றுவரை அதற்கு மாற்று இல்லை என்றே சொல்வேன். குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதியான கிரானில் போட்டுவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையோ ராத்திரி இரண்டு மணிக்கோ எழுந்து வேலையை முடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

ஒரு ஃபைல் மாறியிருக்கிறதா என்று பார்க்க, அதன் அளவையும் கடைசியாக மாற்றிய நேரத்தையும் மட்டும் ஒப்பிடும். மாறியிருந்தால் முழு ஃபைலையும் அனுப்பாது. சர்வர் தன்னிடம் உள்ள பழைய ஃபைலைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள எண் அனுப்பும். இங்கே அந்த எண்ணோடு பொருந்தாத பகுதி மட்டும் கிளம்பும். 400 எம்பி ஃபோட்டோஷாப் ஃபைலில் ஒரு மூலையைத் திருத்தினால் இதில் நல்ல லாபம். ஜேபெக்கை மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் உள்ளே கிட்டத்தட்ட எல்லாமே மாறிவிடும், அங்கே லாபம் இல்லை.

இன்னொரு நல்ல குணம்: சர்வரில் வேறொரு தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றும். பாதியில் லைன் போனாலும் பழைய ஃபைல் பழையபடியே இருக்கும். தளத்துக்கு வருகிறவர் அரைகுறைப் படத்தைப் பார்க்க மாட்டார். கரண்ட் போய் வந்தாலும் கவலை இல்லை, அடுத்த முறை ஓடும்போது விட்டதைப் பிடித்துக்கொள்ளும். பார்ஷியல்-டிர் ஆப்ஷனைப் போட்டிருந்தால் பாதி ஏறிய பெரிய ஃபைலையும் வீணாக்காது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? ஸ்டுடியோக்காரர் ஒருவர் ஒருநாள் காலையில் கூப்பிட்டார்: "அண்ணே, ஃபோல்டர் பேர மட்டும்தான் மாத்துனேன், மறுபடியும் முதல்ல இருந்து ஏறுது!" ஆர்சிங்குக்குப் பெயர் மாற்றம் என்ற ஒன்றே தெரியாது. 'கல்யாணம்' என்ற ஃபோல்டரை 'கல்யாணம் ஃபைனல்' என்று மாற்றினால், பழையது அழிந்து புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்றுதான் அது நினைக்கும். 30 ஜிபியும் மீண்டும் கிளம்பும். ஸ்டுடியோக்களில் ஃபைனல், ஃபைனல் 2, லாஸ்ட் ஃபைனல் என்று பெயர் வைக்கும் வழக்கம் ஒழியாதவரை இது ஓயாது. பெயரை முதலிலேயே தேதி போட்டு முடிவு செய்துவிடுவதுதான் வழி. தவிர்க்க முடியாமல் மாற்றினால் சர்வரிலும் கையால் அதே பெயரை மாற்றிவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு விடுங்கள்.

விண்டோஸில் ஆர்சிங்க் தானாக வராது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட வைக்கும் டபிள்யூஎஸ்எல் போட வேண்டும். ஐந்து நிமிடக் கணக்கு வைத்திருக்கும்போது முந்தைய ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது கிளம்பி இரண்டும் முட்டிக்கொள்வதும் நடக்கும். எஃப்லாக் கட்டளையால் பூட்டுப் போட்டுவிட்டால் சரியாகிவிடும். பகலில் ஓடினால் அலுவலக இணையத்தையே விழுங்கிவிடும், அதற்கு வேகக் கட்டுப்பாட்டு ஆப்ஷன் உண்டு.

பெரிய ஃபைல், எஸ்எஸ்எச் உள்ள சர்வர், ராத்திரிக்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலை: இவர்களுக்கு இதுதான். மார்த்தாண்டம் ஸ்டுடியோவுக்கு நான் சொன்னதும் இதையே. சர்வருக்குப் பதில் எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பிடம் என்றால் இதே வேலையை ஆர்குளோன் செய்யும். அதில் 'காப்பி' என்பதும் 'சிங்க்' என்பதும் வேறு வேறு, சிங்க் இங்கே இல்லாததை அங்கே அழிக்கும். அமேசான் எஸ்3-இல் ஏற்றும் டேட்டா அளவுக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், மாதம் 100 ஜிபிக்கு மேல் இறக்கினால் பணம். ஆல்பத்தைக் கஸ்டமர்கள் எல்லோரும் டவுன்லோடு செய்யும்போது பில் வரும்.

## காவல் இருந்து உடனே அனுப்பும் எல்சிங்க்டி

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் 2005-ஆம் ஆண்டு, 2.6.13 பதிப்பில், ஐநோட்டிஃபை என்ற வசதி சேர்ந்தது. எந்த ஃபைல் மாறினாலும் கெர்னலே கூப்பிட்டுச் சொல்லும். எல்சிங்க்டி அதைக் கேட்டுக்கொண்டே இருந்து, மாற்றங்களைச் சில நொடிகள் சேர்த்துவைத்து, மொத்தமாக ஆர்சிங்கைக் கூப்பிடும். மாற்றிவைக்காவிட்டால் இந்தக் காத்திருப்பு 15 நொடி.

நாகர்கோவில் செய்தித் தளத்துக்கு இதுதான் பொருந்தும். செய்தியை அவர்கள் சர்வரில் உள்ள தளத்திலேயே எழுதுகிறார்கள், அதற்கு எந்த சிங்கும் வேண்டாம். படமும் வீடியோவும்தான் அலுவலக மெஷினிலிருந்து போக வேண்டும், அதுவும் உடனே. கேமரா கார்டிலிருந்து காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதிப் படம் போய்விடுமோ என்று பயம் வேண்டாம். எழுதி முடித்து ஃபைலை மூடிய பிறகே அனுப்பும்படி வைக்க முடியும்.

ஆனால் இதற்குச் சில குருட்டுப் புள்ளிகள் உண்டு. ஐநோட்டிஃபை ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியாகக் காவல் வைக்கிறது. பழைய கெர்னல்களில் அதற்கு 8192 என்று ஒரு உச்சவரம்பு இருந்தது. ஆயிரக்கணக்கில் துணை ஃபோல்டர் உள்ளவர்கள் அதை உயர்த்த வேண்டும். நெட்வொர்க் டிரைவில் இன்னொரு மெஷின் மாற்றுவது இதற்குத் தெரியாது. டபிள்யூஎஸ்எல் 2-க்குள் எல்சிங்க்டியைப் போட்டுவிட்டு, விண்டோஸ் பக்கத்து சி டிரைவைக் காவல் காக்கச் சொன்னாலும் தெரியாது. எல்லாம் ஓடுவது போலவே இருக்கும், ஒரு ஃபைலும் போகாது. விண்டோஸ்காரர்கள் இதில் தலையைவிடாமல் அடுத்ததற்குப் போகலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து அழிப்பில் இருக்கிறது. எல்சிங்க்டி சும்மா விட்டால் அழிப்பையும் சேர்த்தே அனுப்பும். அது துவங்கும்போது இரண்டு பக்கத்தையும் முழுதாக ஒருமுறை சமன் செய்யும். இப்போது இப்படி யோசியுங்கள்: படங்கள் வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. கரண்ட் போய் வந்தது. மெஷின் எழுந்துவிட்டது, ஆனால் அந்த டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது மெஷினோடு இணையவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் காலி ஃபோல்டர்தான் இருக்கிறது. எல்சிங்க்டி எழுந்து பார்க்கிறது: இங்கே ஒன்றுமில்லை, அங்கே நிறைய இருக்கிறது. அங்கே இருப்பதை எல்லாம் துடைத்துவிடும். டெலீட் ஆப்ஷன் போட்ட ஆர்சிங்கும் இதையேதான் செய்யும். மின்தடை வாடிக்கையாக உள்ள ஊரில் இது நடக்கவே நடக்காது என்று நினைக்க முடியாது.

தடுக்க மூன்று வழி. அழிப்பை அனுப்பாமல் வைப்பது. சர்வரில் இடம் கொஞ்சம் வீணாகும், போகட்டும். அல்லது ஆர்சிங்கின் மேக்ஸ்-டெலீட் ஆப்ஷனால் ஒரு ஓட்டத்தில் இத்தனைக்கு மேல் அழிக்காதே என்று கட்டுவது. அல்லது பேக்கப்-டிர் ஆப்ஷனால் அழிவதையும் மாறுவதையும் சர்வரிலேயே தனி ஃபோல்டருக்கு நகர்த்துவது. நான் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

## எஃப்டிபி மட்டும் உள்ளவர்களுக்கு வின்எஸ்சிபி

விண்டோஸில் மட்டும் ஓடும் இலவச சாஃப்ட்வேர். எஃப்டிபிக்கும் சரி, எஸ்எஸ்எச் வழியாகப் போகும் எஸ்எஃப்டிபிக்கும் சரி. 'ரிமோட் ஃபோல்டரை எப்போதும் புதுப்பித்து வை' என்ற பொருளில் ஒரு மெனு இருக்கிறது. அதைத் திறந்து இரண்டு பக்கத்து ஃபோல்டரையும் காட்டி ஸ்டார்ட் கொடுத்தால் போதும்.

பங்குக்கோவில் தம்பிக்கு இதுதான். வாரம் ஒரு அறிவிப்புத் தாள், திருவிழா நாட்களில் தினமும் கொஞ்சம் படம். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. லினக்ஸ் கற்றுக்கொள் என்று அவரிடம் சொல்வது வீண் அலைச்சல்.

இதில் கவனிக்க வேண்டியவை வேறு மாதிரி. அந்த ஜன்னல் திறந்திருக்கும்வரைதான் காவல். மூடியிருந்தபோது நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. மறுபடி திறக்கும்போது முழு சிங்க் ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் காவலைத் தொடங்க வேண்டும். எஃப்டிபியில் ஃபைல் நேராகப் பழையதன் மேலேயே எழுதப்படுகிறது, பாதியில் லைன் போனால் தளத்தில் பாதி ஃபைல்தான் நிற்கும். எஸ்எஃப்டிபி என்றால் கொஞ்சம் பெரிய ஃபைல்களை முதலில் தற்காலிகப் பெயரில் ஏற்றும். சாதா எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே போகும் என்பதும் இருக்கிறது. ஹோஸ்டிங்கில் எஸ்எஃப்டிபியோ எஃப்டிபிஎஸ்ஸோ கிடைத்தால் அதையே எடுங்கள். அழிப்புக்கான டிக்கைத் தொடாதீர்கள்.

## கிட்

இதை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைப்பதே கொஞ்சம் தப்பு. மற்றவை ஃபைலை நகர்த்துகின்றன. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதையும் கிட் சேர்த்து வைக்கிறது. தானாக எதையும் அனுப்பாது. நீங்கள் கமிட் செய்து (மாற்றத்தைப் பதிவு செய்து) புஷ் கொடுக்க (சர்வருக்கு அனுப்ப) வேண்டும், அதன் பிறகு சர்வரில் போஸ்ட்-ரிசீவ் ஹூக் என்ற சின்ன ஸ்கிரிப்ட் புது ஃபைல்களைத் தளத்தின் ஃபோல்டரில் எடுத்துவைக்கும்.

வடசேரி அலுவலகத்தில் இப்போது நடப்பது இது: எடிட்டரில் சேவ் செய்ததும் எஸ்எஃப்டிபியில் ஏற்றும் எக்ஸ்டென்ஷனை எல்லோரும் போட்டிருக்கிறார்கள். ஒருவர் ஹெட்டர் ஃபைலில் போன் நம்பரை மாற்றுகிறார். அதே ஃபைலை முன்பே திறந்து வைத்திருந்த இன்னொருவர் லோகோவை மாற்றி சேவ் செய்கிறார். போன் நம்பர் பழையபடி ஆகிவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. கஸ்டமர் கூப்பிட்டுத் திட்டும்போதுதான் தெரியும். கிட்டில் இரண்டாவது ஆளின் புஷ் திருப்பி அனுப்பப்படும், முதலில் மற்றவர் செய்ததை வாங்கிச் சேர்த்துவிட்டு வா என்று. ஒரே தளத்தில் ஒருவருக்கு மேல் கை வைத்தால் வேறு வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எஸ்எஸ்எச் இல்லாத ஹோஸ்டிங் என்றால், கிட் கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் சேவையில் உள்ள தானியங்கி வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வழியாக எஃப்டிபியில் ஏற்றச் செய்யலாம். இலவசக் கணக்கில் தனியார் ரெப்போக்களுக்கு (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிட் தொகுப்புகளுக்கு) மாதம் 2000 நிமிடம் தருகிறார்கள், சிறு அலுவலகத்துக்குத் தாராளம். ஆனால் 100 எம்பிக்கு மேலான ஃபைலை கிட்ஹப் ஏற்காது. படத்துக்கும் வீடியோவுக்கும் கிட் சரிப்படாது. அவற்றை ஆர்சிங்கிடம் விட்டுவிடுங்கள். வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் கஸ்டமர் நேராகச் சர்வரில் ஏற்றும் படங்களும் கிட்டுக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. அவசரத்தில் தளத்தின் பொது ஃபோல்டருக்குள்ளேயே ரெப்போவை குளோன் செய்துவிடுவார்கள். உள்ளே புள்ளியோடு தொடங்கும் கிட் ஃபோல்டர் இருக்கும். சர்வரில் அதைத் தடுக்காவிட்டால் வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அதை இறக்கிக்கொண்டு மொத்தக் கோடையும் பார்க்கலாம், தவறிப்போய் கமிட் செய்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்பட. ரெப்போ ஓரிடத்தில், தளத்தின் ஃபோல்டர் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

## சிங்க்திங்

ஹோஸ்டிங்குக்கு ஏற்றுவதற்கு இது இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு மெஷின், நாகர்கோவில் கிளையில் ஒரு மெஷின், இரண்டிலும் ஒரே ஃபோல்டர் இருக்க வேண்டும் என்றால் இது. இடையில் கம்பெனி சர்வர் எதிலும் உங்கள் ஃபைல் தங்காது, மாதக் கட்டணமும் கிடையாது. பெயர் மாற்றத்தை ஆர்சிங்கை விட நன்றாகச் சமாளிக்கும்: அங்கே ஏற்கெனவே உள்ள துண்டுகளையே எடுத்துக்கொள்ளும்.

இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் ஃபைல் நகரும். இங்கே மின்தடை ஒரு நாள், அங்கே மறுநாள் என்றால் இரண்டு நாள் தாமதம். இரண்டு பக்கமும் ஒரே ஃபைலை மாற்றினால் ஒன்றை முரண்பாட்டுப் பிரதி என்று தனிப் பெயரில் வைக்கும், அதைக் கையால்தான் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் நீங்களே ஆன் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை 'அனுப்ப மட்டும்' என்று வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

## ஆன் செய்யும் முன்

ஆர்சிங்கிலும் ஆர்குளோனிலும் ட்ரை-ரன் உண்டு: எதையும் தொடாமல் எதையெல்லாம் செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். அதைப் படிக்காமல் முதல் ஓட்டத்தை விடாதீர்கள். ஆர்சிங்கில் மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இல்லாவிட்டால் ஃபோல்டரே போய் அங்கே உள்ளே உட்காரும். ட்ரை-ரனில் இது பளிச்சென்று தெரியும்.

அப்புறம், வேண்டுமென்றே மெயினை ஆஃப் செய்து பாருங்கள். மெஷின் மறுபடி எழுந்ததும் யாரும் தொடாமல் வேலை தொடர்கிறதா? எல்சிங்க்டியை சிஸ்டம்டி சர்வீஸாக (மெஷின் எழும்போதே லினக்ஸ் தானாகத் துவக்கும் வேலையாக) போட்டிருந்தால் தொடரும். வின்எஸ்சிபி என்றால் டாஸ்க் ஷெட்யூலரில் ஸ்கிரிப்டாகப் போட வேண்டும். நின்றுபோனால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும், தினமும் ஒரு மெயில் வந்தால்கூடப் போதும். சத்தமில்லாமல் நின்றுபோன சிங்க்தான் இந்த வேலையில் அதிகம் படுத்துவது.

பழைய மெஷின் என்றால் மதர்போர்டில் உள்ள சின்ன வட்ட பேட்டரியையும் பாருங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அன்றைக்கு சேவ் செய்த ஃபைல் சர்வரில் இருப்பதைவிடப் பழையதாகத் தெரியும். 'புதியதாக இருந்தால் மட்டும் அனுப்பு' என்று வைத்திருக்கும் சாஃப்ட்வேர் அதைத் தொடாமல் தாண்டிப் போகும். ஆர்சிங்க் சாதாரணமாக நேரம் வேறாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதால் அனுப்பிவிடும். அப்டேட் ஆப்ஷன் போட்டிருந்தால் அதுவும் அனுப்பாது. அந்த பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.